கடைசி இரண்டு பக்கங்கள் அப்பாவுக்கு

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம். வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி நாற்காலி போட்டு ஏறி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி, அன்றைய தேதியிலிருந்து டிசம்பர் 31 வரை எல்லாத் தாள்களையும் கிழித்துவிட்டாள். ஆயா (பாட்டி) வந்து பார்த்தபோது வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். அடி விழுமே என்ற பயத்தில் அழவில்லை. பொங்கலுக்கு வருவேன் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாள் கிழிந்தால் நாள் போகும், நாள் போனால் பொங்கல் வரும் என்பது அவள் கணக்கு. காலண்டர் தீர்ந்துவிட்டது, அதில் பொங்கலே இல்லை. "பொங்கலை யார் எடுத்தது?" என்று கேட்டாளாம்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா அவளை என்னிடம் அழைத்துவந்தார். நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் வாரத்தில் இரண்டு மாலை குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். உளவியல் படித்தவள் அல்ல. அடுத்த ஒன்றரை ஆண்டு அந்தக் குழந்தையோடும் அவள் குடும்பத்தோடும் செய்தவற்றை, தவறுகளையும் சேர்த்து, எழுதிவைக்கும்படி நூலக வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் படைப்பிரிவையும் சொல்லப்போவதில்லை.

பின்னணி

எங்கள் பக்கத்தில் மிலிட்டரி வீடு என்பது புதிதல்ல. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பட்டப்பெயர் உண்டு. எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் ஏழெட்டு வீடுகளில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பார்க்கலாம். இந்தச் சிறுமியின் தாத்தாவும் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். அப்பா நாயக், அதற்கு ஒரு படி கீழான பதவி.

ராணுவக் குடும்பத்தின் வாழ்க்கை இரண்டு சொற்களுக்கு இடையில் ஓடுகிறது: பீஸ், பீல்டு. பீஸ் ஸ்டேஷன் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், மனைவி மக்களோடு இருக்கலாம். பீல்டு போஸ்டிங் என்றால் குடும்பம் கூடப் போக முடியாது. இவர்கள் இரண்டரை ஆண்டுகள் செகந்திராபாத்தில் ஒன்றாக இருந்தார்கள். 2024 கோடையில் அப்பாவுக்கு ஜம்மு பக்கம் போஸ்டிங் வந்தது. அம்மாவும் இரண்டு குழந்தைகளும் தாத்தா வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். மூத்தவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று.

ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் விதிப்படி உண்டு. ஆனால் எப்போது என்பது அவர் கையில் இல்லை. "காட்பாடியில் வண்டியைவிட்டு இறங்கினால்தான் லீவு, அதுவரைக்கும் அது பேச்சு" என்பார் தாத்தா. இந்த ஒரு வரி பின்னால் எங்களுக்கு மிகவும் உதவியது.

குழந்தையிடம் அம்மா கண்டவை இவை. திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். தம்பியைக் கிள்ளுகிறாள். அப்பாவின் பழைய பச்சை டி-ஷர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள்; துவைக்க விடுவதில்லை. போனில் அப்பா பேசினால் "ம்", "சாப்பிட்டேன்", "படிக்கிறேன்" என்ற மூன்று சொற்களோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள். எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே காரணம் சொன்னார்கள்: அப்பா ஏக்கம்.

நானும் முதல் இரண்டு வாரம் அதையே நம்பினேன். பிறகு ஒரு மாலை, பக்கத்துக்கு ஒரே வரி இருக்கும் படப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். படத்தைப் பார்த்து மளமளவென்று கதை சொன்னாள். விரல் மட்டும் எழுத்தின்மேல் போகவே இல்லை. செகந்திராபாத்தில் அவள் ஆங்கிலமும் இந்தியும்தான் படித்திருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. பள்ளியில் விசாரித்தேன். திங்கட்கிழமை முதல் பாடவேளை தமிழ், ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஒருமுறை 'ழ'வில் அவள் தடுமாறியதும் வகுப்பு சிரித்திருக்கிறது.

வயிற்றுவலியில் பாதி ஏக்கம், பாதி எழுத்து. ராணுவக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிரிவைப் பற்றியே பேசுகிறார்கள். அப்பாவோடு சேர்ந்து பள்ளி, பாஷை, பக்கத்து வீட்டுத் தோழி எல்லாமே ஒரே மாதத்தில் போய்விடுவதை எத்தனை பேர் கணக்கில் எடுக்கிறார்கள்? வகுப்பு ஆசிரியை நல்லவர். அவளை நிற்கவைத்து வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வரும். 'நுழை'யிலிருந்து தொடங்கினோம். அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருக்கிறது. தெரியாது என்று சொல்லாமல், உள்ளே வா என்கிறது.

நான் செய்த தவறு

ராணுவ வீரரின் மகளுக்கு ராணுவ வீரரைப் பற்றிய கதை என்று நான் நினைத்தது எவ்வளவு மேலோட்டமானது என்பதை ஒரே இரவில் கற்றுக்கொண்டேன். பனிமலையில் அப்பா துப்பாக்கியோடு காவல் நிற்கிறார். அவர் விழித்திருப்பதால்தான் பாப்பா வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாள். இப்படி ஒரு கதையை நானே உருவாக்கி, நாலு படம் ஒட்டிச் சொன்னேன். கேட்ட பெரியவர்களுக்குக் கண் கலங்கியது. அவள் கலங்கவில்லை, யோசித்தாள்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. பதினொன்றரை மணிக்கு அம்மா பார்த்தபோது இமைகளை விரல்களால் பிடித்துத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கேட்டதற்கு, "நான் தூங்காவிட்டால் அப்பா அங்கே நிற்க வேண்டியதில்லை, வந்துவிடலாம்" என்றிருக்கிறாள்.

இதில் சிரிக்க எதுவும் இல்லை. நான் சொன்ன கதையின் தர்க்கத்தை அவள் பிசிறில்லாமல் பின்பற்றியிருக்கிறாள். அவளுடைய தூக்கத்துக்கும் அப்பாவின் காவலுக்கும் முடிச்சுப் போட்டது நான். அழகாக இருக்கிறது என்று பெரியவர்கள் வைக்கும் உவமையைக் குழந்தை காரணமாக எடுத்துக்கொள்கிறது. மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய், அந்தக் கதை நான் விளையாட்டாகச் சொன்னது, அப்பாவின் வேலைக்கும் நீ தூங்குவதற்கும் சம்பந்தமே இல்லை, அவர் தூங்கும் முறை வரும்போது அவரும் தூங்குவார் என்று நேரடியாகச் சொன்னேன். தாத்தா வந்து டூட்டி மாறும் முறையைப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். பாத்திரங்கள் கதையைவிட நன்றாக வேலை செய்தன.

புத்தகத்தால் மனத்துயர் ஆற்றும் முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பிப்ளியோதெரபி என்ற பெயரை 1916-இல் அமெரிக்கக் கட்டுரையாளர் சாமுவேல் குரோதர்ஸ் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பாதி கேலியாகத்தான் பயன்படுத்தினார். 1949-இல் கரோலின் ஷ்ரோட்ஸ் தன் ஆய்வேட்டில் அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்: வாசகர் பாத்திரத்தோடு ஒன்றிப்போகிறார், அடக்கியதைக் கொட்டித் தீர்க்கிறார், பிறகு தெளிகிறார். இதைப் படித்துவிட்டுத்தான் நான் அந்தப் பனிமலைக் கதையைக் கட்டினேன். அவள் ஒன்றிப்போனாள், உண்மைதான். எதனோடு ஒன்றிப்போவாள் என்பது நம் கையில் இல்லை.

அதற்குப் பிறகு மகளைப் பிரிந்த அப்பா, வீரர், எல்லை என்று வரும் எதையும் நானாக எடுக்கவில்லை. குளத்தைவிட்டு வெளியே வர மறுக்கும் எருமை, சந்தையில் தொலைந்த செருப்பு, மழைக்குப் பயப்படும் குடை: இப்படிப்பட்டவைதான். "கடைசியில் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள்" என்று முடியும் கதைகளையும் தள்ளிவைத்தேன். என்னால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியைப் புத்தகத்தின் வாயால் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ரப்பர் பேண்ட்

வேலை செய்த வழியைத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். எருமைக் கதையை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. கடைசி இரண்டு பக்கங்கள் மிச்சம். மறுநாள் ஞாயிறு, அப்பா கீழே கேம்ப்புக்கு இறங்கும் நாள், போன் வரும். முடிவு என்னவாக இருக்கும் என்று அப்பாவைக் கேட்டு வா என்று சும்மா சொல்லி அனுப்பினேன்.

வழக்கமாக மூன்று சொல்லில் முடியும் பேச்சு அன்று பதினைந்து நிமிடம் ஓடியதாம். முடிவைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் கதையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அப்பா, எருமைக்குப் பசித்தால் தானே வெளியே வரும் என்றார். இல்லை, இது அப்படிப்பட்ட எருமை இல்லை என்று இவள் வாதாடியிருக்கிறாள். திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அப்பா சொன்னது தப்பு. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதிலிருந்து வாரம் ஒரு புத்தகம். கடைசி இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுவோம். அப்பா முடிவை ஊகித்த பிறகுதான் அதை எடுக்கலாம். ஒரு கோடுபோட்ட நோட்டில் புத்தகத்தின் பெயர், அப்பா சொன்ன முடிவு, உண்மையான முடிவு என்று மூன்று கட்டம். முதல் மாதங்களில் அம்மா எழுதினார். நவம்பரிலிருந்து அவளே, 'ழ'வின் வாலை வலப்பக்கம் திருப்பிவிட்டு.

இதை ஏன் முக்கியமாக நினைக்கிறேன் என்றால், காலண்டரைக் கிழித்தவளுக்கு எல்லோரும் செய்ய நினைத்தது இன்னொரு காலண்டர்தான். இத்தனை நாள் பாக்கி என்று எண்ணிக் குறைக்கும் அட்டவணை, ஜாடியிலிருந்து நாளுக்கு ஒரு மிட்டாய். லீவு தள்ளிப்போனால் இவை அத்தனையும் குழந்தைக்குப் பொய்யாகிவிடும். தாத்தாவின் வரியை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டு அப்படி இல்லை. அதில் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அப்பா ஒரு வாரம் தாமதமாக வந்தால் ஒரு கதை கூடுதல், அவ்வளவே. இன்னொன்று, தூரத்தில் இருக்கும் அப்பாவுக்கு அந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்தது. பணம் அனுப்புவதையும் "அம்மா சொல்வதைக் கேள்" என்பதையும் தவிர அவருக்கு அதுவரை அங்கே வேலையே இல்லை. "டீச்சர், அவர் இப்போதெல்லாம் வாரம் முழுக்க வேறு ஏதோ யோசித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறாராம்" என்று அம்மா சொன்னபோதுதான் இது ஒருத்திக்கான மருந்து மட்டுமல்ல என்று புரிந்தது.

பிரிட்டனில் 2011 முதல் ரீடிங் ஃபோர்ஸ் என்ற அமைப்பு படைவீரர் குடும்பங்களுக்குப் புத்தகமும் ஒட்டுப் புத்தகமும் இலவசமாக அனுப்பி, சேர்ந்து வாசித்ததைப் பதிந்துவைக்கச் சொல்கிறது. எங்கள் கோடுபோட்ட நோட்டுக்கு அது அக்கா முறை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பதிவுசெய்த குரல்

சொன்னபடி 2025 பொங்கலுக்கு அப்பா வந்தார், முப்பது நாள். அவர் திரும்புவதற்கு முன் சில புத்தகங்களை அவர் குரலில் பதிவுசெய்து வைக்கலாம் என்றேன். இது என் யோசனை அல்ல. அமெரிக்காவில் சான் டியாகோவில் கடற்படை அதிகாரி ஒருவரின் மனைவியான பெட்டி மோல்கி 1989-இல் இதைத் தொடங்கினார். கப்பலில் போகும் அப்பாக்கள் புத்தகம் வாசிப்பதை வீடியோவில் பதிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவே யுனைட்டட் த்ரூ ரீடிங் என்ற அமைப்பாக வளர்ந்து இன்றும் நடக்கிறது.

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். அம்மா மறுத்தார். காரணம் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. நாலு நாள் கழித்து நூலக வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஆள் நன்றாக இருக்கும்போதே குரலை எடுத்துவைத்தால், இல்லாதபோது கேட்பதற்கு எடுத்துவைத்த மாதிரி இருக்கிறது, டீச்சர்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அமெரிக்க ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது இது எனக்குத் தோன்றவும் இல்லை. ராணுவக்காரர் மனைவி ஒரு குரல்பதிவை எப்படிக் கேட்பார் என்பது ராணுவக்காரர் மனைவிக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: தனியறையில் பேசி எடுக்காமல், அடுப்படியில் எல்லோரும் இருக்கும்போது எடுப்பது. அதனால் அந்த ஐந்து பதிவுகளிலும் குக்கர் விசில் இருக்கிறது, ஆயா கோழியை விரட்டுவது இருக்கிறது. எருமைக் கதையில் ஏழாம் பக்கம் திருப்பும்போது தாளிப்பு நெடி ஏறி அப்பா நன்றாக இருமுகிறார். திரும்ப எடுக்கலாம் என்றார் அவர். வேண்டாம் என்றோம். ஊர், படைப்பிரிவு, போகும் தேதி எதுவும் பதிவில் வரக்கூடாது என்பதில் தாத்தா கண்டிப்பாக இருந்தார். அது ராணுவ ஒழுங்கு. குழந்தையின் கைக்குப் போகும் போன் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

ஒரு பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். தம்பி சில வாரங்கள் அப்பா அந்த போனுக்குள் இருக்கிறார் என்றே நம்பினான். போனுக்குச் சோறு ஊட்டினான். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குரல் மட்டும் போதாது, முகமும் தெரியும் வீடியோவாக எடுத்திருக்க வேண்டும்.

மே மாதம்

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் தாக்குதல் நடந்தது. மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூர். 10-ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம். பள்ளிக்குக் கோடை விடுமுறை, குழந்தைகள் நாளெல்லாம் வீட்டில், வீட்டில் டிவி. சேனல்கள் செய்திக்கு நடுவே சைரன் ஒலியை ஓடவிட்டுக்கொண்டிருந்தன. விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் தவிர மற்றவற்றில் அந்த ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசே ஊடகங்களுக்கு அறிவுறுத்த வேண்டிவந்தது. ஜம்மு என்ற சொல்லைத் தமிழில் வாசிக்க அப்போதுதான் கற்றிருந்தாள். திரையின் அடியில் ஓடும் எழுத்தை அவளால் வாசிக்க முடிந்தது என்பது எனக்கு அந்த வாரம் மட்டும் வருத்தமாக இருந்தது.

ஒன்பது நாள் அப்பாவிடமிருந்து போன் இல்லை. அந்த வாரப் புத்தகம் ரப்பர் பேண்டோடு அலமாரியில் இருந்தது. நாமே திறந்து படித்துவிடலாமா என்று கேட்டேன். அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு விளையாட்டு சடங்காகிவிட்டது என்பதும், சடங்கு நின்றால் கெட்டது நடக்கும் என்று குழந்தை நினைக்கத் தொடங்கியிருக்கிறாள் என்பதும் அப்போது தெரிந்தது. இந்த முறையில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். தூக்கத்தில் போட்ட அதே முடிச்சை வேறு கயிற்றால் மீண்டும் போட்டிருந்தேன்.

புத்தகத்தைப் பிடுங்கவில்லை. அது அப்பாவுக்காக இருக்கட்டும், இப்போது நமக்கு ரப்பர் பேண்ட் இல்லாத புத்தகம் என்று தினமும் ஒன்றை முழுவதுமாக வாசித்தோம், முடிவோடு. முடிவைத் தெரிந்துகொண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதை வாயால் சொல்லவில்லை, ஒன்பது புத்தகத்தில் காட்டினோம். குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் டிவி வேண்டாம் என்று தாத்தா ரிமோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்லக்கூடாது, பேச முடியாத இடத்தில் இருக்கிறார், தகவல் வந்தால் உன்னிடமும் சொல்வோம் என்பதே பதில் என்று பேசி வைத்துக்கொண்டோம். இரவில் இருமல் வரும் எருமைக் கதை திரும்பத் திரும்ப ஓடியது. அம்மாவும் பக்கத்தில் படுத்துக் கேட்டாராம்.

பத்தாவது நாள் மாலை போன் வந்தது, மூன்று நிமிடம். அதில் இரண்டரை நிமிடம் அவள் கதையைச் சொன்னாள். அப்பா முடிவைத் தப்பாக ஊகித்தார். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தவர்

அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களைப் பார்த்து கேத்லீன் லோகன் 1987-இல் பிரிவின் உணர்ச்சிப் படிகளை ஏழாகப் பிரித்தார். அவற்றில் மூன்று, ஆள் திரும்பி வருவதைப் பற்றியவை. பிரிந்திருப்பதைப் போலவே சேர்வதும் கடினம் என்பதை நம் ஊரில் யாரும் வெளியே சொல்வதில்லை. லீவில் வந்தவர் வீட்டில் எல்லோரும் சிரித்தபடி இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஆகஸ்டில் அப்பா லீவில் வந்தார். முதல் இரவே மகளுக்குக் கதை வாசிக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். அவள் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனை எடுத்து அதே கதையை ஓடவிட்டாள். ஆறு மாதமாக எங்கோ ஒரு பங்கரில் இந்த நிமிடத்தை நினைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். மறுநாள் என்னிடம் வந்து, "பழக்கம் விட்டுப்போச்சா டீச்சர்?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தைக்குத் தெரிந்த அப்பா அந்தப் பதிவில் இருப்பவர். அவர் கூப்பிட்டால் வருவார், வேண்டும்போது இருப்பார். எதிரில் இருப்பவர் மறுபடியும் போகிறவர். அவசரப்படாதீர்கள், அவள் கேட்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்றேன்.

ஐந்தாவது இரவு அவளே புத்தகத்தை நீட்டியிருக்கிறாள். அவர் வாசிக்கத் தொடங்கினார். ஏழாம் பக்கம் திருப்பியதும் நிறுத்தினாளாம்.

"நீ தப்பாகப் படிக்கிறாய் அப்பா. இங்கே இருமவேண்டும்."

இருமினார்.

இன்றைய நிலை

2025 இறுதியில் அவள் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள், 'ஓடு' புத்தகங்களை வாசிக்கிறாள். திங்கட்கிழமை வயிற்றுவலி மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. டி-ஷர்ட்டை நவராத்திரிக்கு முன் துவைக்கக் கொடுத்தாள், தானாகவே. நோட்டில் 51 கதைகள். இவற்றில் எவ்வளவு புத்தகத்தால், எவ்வளவு நல்ல ஆசிரியையால், எவ்வளவு வயது ஏறியதால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரே ஒரு குழந்தையைப் பார்த்ததை வைத்து முறை என்று எதையும் நிறுவ முடியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்திருந்தாலோ, சாப்பாட்டை அவள் நிறுத்தியிருந்தாலோ, செத்துப்போவதைப் பற்றிப் பேசியிருந்தாலோ நான் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டேன். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். மே மாதத்தில் அந்த எண்ணை அம்மாவின் போனில் நானே பதிந்து கொடுத்தேன், குழந்தைக்காக மட்டும் அல்ல.

அப்பா அக்டோபரில் திரும்பிப் போனார். காட்பாடி ஸ்டேஷனுக்கு இவளும் போயிருந்தாள், கையில் ரப்பர் பேண்ட் போட்ட புத்தகம்.

போன வாரம் அவள் அம்மா நூலகத்துக்கு வந்தார். மூத்தவளைப் பற்றி அல்ல. புது வருடக் காலண்டர் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். சின்னவன் முக்காலி போட்டு ஏறி, பொங்கல் வரை கிழித்துவிட்டானாம்.